திங்கள் முதல் அலுவலகம்

2025 ஜூன் 9, திங்கள்

சாயங்காலம் நாலே முக்காலுக்கு மெயில் வந்தது. ஜூலை 14 முதல் வாரத்தில் ஐந்து நாளும் எல்லாரும் அலுவலகம் வர வேண்டுமாம். சேர்ந்து உட்கார்ந்தால்தான் குழு வளரும், இளையவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று இரண்டு பத்தி. கீழே பார்க்கிங் அட்டைக்கு விண்ணப்பம். 2020 மார்ச்சில் லேப்டாப்பைக் கையில் கொடுத்து ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய அதே மனிதவளத் துறைதான். இந்த ஐந்து வருடத்தில் எங்கள் பக்கம் ஒரு காப்பீட்டு கிளெய்மும் தேங்கவில்லை. அதைப் பற்றி மெயிலில் ஒரு வார்த்தை இல்லை.

குழுச் சாட்டில் ஒருவர் பெட்ரோல் செலவைப் போட்டார், இன்னொருவர் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். நான் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தணிக்கைக் குழுவில் மூன்று கறுப்பினப் பெண்கள். மூவரும் அங்கே ஒன்றும் எழுதவில்லை. இளையவள் மட்டும் எனக்குத் தனியாக அனுப்பினாள்: "முதல்ல முடிக்கு அப்பாயிண்ட்மென்ட் போடணும். அட்லாண்டாவுல பாதிப் பேர் இப்ப அதைத்தான் பண்ணிக்கிட்டு இருப்பாங்க."

யார் பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. இளையவளுக்கு இருபத்தெட்டு வயது, ஸ்பெல்மன் கல்லூரியில் கணிதம் படித்தவள். மூத்தவருக்கு ஐம்பத்தாறு. தெற்கத்தி மரியாதைப்படி அவர் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம்; வீட்டில் பேச்சு வந்தால் எங்களுக்கு அவர் அக்கா. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர். மூன்றாமவர் வேலையைத் தவிர எதையும் பேசமாட்டார், ஆகவே அவரைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

ஜூன் 11, புதன்

மதியம் அக்காவோடு நீண்ட நேரம் போனில்.

அவர் வீடு கிளேட்டன் கவுண்டியில், ஜோன்ஸ்பரோ பக்கம். விமான நிலையத்துக்கும் தெற்கே. அலுவலகம் நகரத்தின் வடக்கு விளிம்பில், 285 வளையச் சாலையும் 400 நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடத்தில். அட்லாண்டாவின் அமைப்பே இதுதான். கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வசிப்பது தெற்கிலும் கிழக்கிலும். கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பியது வடக்கில். 1971-ல் மார்ட்டா ரயிலுக்கு வாக்கெடுப்பு வைத்தபோது ஃபுல்டன், டிகால்ப் கவுண்டிகள் சரி என்றன, கிளேட்டனும் குவினெட்டும் மறுத்தன. காப் அதற்கு முன்பே விலகிவிட்டது. அன்று அந்தப் புறநகர்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ரயில் ஏறி யார் வந்துவிடுவார்களோ என்று அவர்கள் பயந்தார்கள் என்பது இந்த ஊரில் ரகசியமே அல்ல. பிறகு கிளேட்டனில் ஆட்கள் மாறினார்கள். 2014-ல் அவர்கள் ஓட்டுப் போட்டுப் பேருந்தைக் கொண்டுவந்தார்கள். ரயில் இன்னும் அங்கே போகவில்லை.

ஆக, அக்காவுக்கு வழி இரண்டு. காலை ஐந்தே காலுக்குக் காரை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆறரைக்கு எடுத்தால் கடவுள் விட்ட வழி. அல்லது பஸ் பிடித்து காலேஜ் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து சிவப்பு லைனில் நகரத்தை முழுக்கக் கடந்து டன்வுடி. வீட்டில் அவர் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இத்தனை வருடமும் விடிகாலையில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, எட்டு மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

நான் சாலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது வேறு. "ரோடு கிடக்கட்டும், ஹனி. இருபது வருஷம் ஓட்டினவ நான். காரை நிறுத்திட்டு, இன்னிக்கு எவன் என்ன சொன்னாலும் குரல் ஏறக்கூடாதுன்னு மனசுல ஒரு தடவை சொல்லிட்டுத்தான் இறங்குவேன். அஞ்சு வருஷமா அது தேவைப்படல."

கோபக்காரக் கறுப்பினப் பெண் என்கிற பட்டம் இந்த நாட்டுக்கும் அலுவலகத்துக்கும் பழையது. ஒரு வெள்ளைக்கார ஆண் மேசையைத் தட்டிப் பேசினால் அவருக்கு வேலையில் அக்கறை. அக்கா அதே வரியைச் சாதாரணமாகச் சொன்னால், மதிப்பீட்டுப் படிவத்தில் 'தொனியைக் கவனிக்கவும்' என்று வரும். வந்திருக்கிறது, எனக்கே காட்டினார்.

ஜூன் 14, சனி

இளையவள் கூட வரச் சொன்னாள். ஸ்டோன் மவுண்டன் போகிற வழியில், ஒரு கடைத்தொகுதியின் கோடியில் பின்னல் கடை. நடத்துகிறவர்கள் செனகல் நாட்டுப் பெண்கள். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் எழுந்தபோது மூன்றரை.

பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். செயற்கை முடியைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, நுனி ஒரே மாதிரி இல்லாதபடி கையால் இழுத்து இழுத்துக் கலைத்துக்கொள்கிறார்கள். சீப்பின் வால் முனையால் மண்டையில் சதுரம் சதுரமாக வகிடு. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு பின்னல்; வேர்ப்பக்கம் விரல் நகம் படுகிற அளவு இறுக்கம். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்றுதான் ஆறரை மணி நேரம். முடிந்ததும் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, கெட்டிலில் கொதித்த நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி அதில் முக்குகிறார்கள், அவிழாமல் இருக்க. இருநூறு டாலருக்கு மேல் ஆனது. ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம் தாங்கும். அன்று ராத்திரி தலைவலி மாத்திரை போடாமல் தூங்க முடியாது என்றாள்.

வீட்டிலிருந்து வேலை செய்தபோது இதெல்லாம் இல்லையா என்றால், இருந்தது, ஆசைப்பட்டபோது. மற்ற நாளில் முடியைக் கழுவி, பட்டுத்துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பாள். கேமரா போட வேண்டிய மீட்டிங் என்றால் ஒரு விக்; மேசை விளக்குக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டில் இருக்கும்.

பின்னலோடு போனால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கேட்டேன். "சொல்லமாட்டாங்க. பார்ப்பாங்க" என்றாள். பிறகு ஒரு வழக்கைச் சொன்னாள். அலபாமாவின் மொபீல் நகரில், 2010-ல் சேஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு வாடிக்கையாளர் சேவை வேலை கிடைத்தது. ஜடைமுடியை வெட்டினால்தான் சேரலாம் என்றார்கள். மறுத்தார், வேலை போயிற்று. அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையமே அவருக்காக வழக்குப் போட்டும், 2016-ல் பதினொன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. பிறவியில் வருவது தோல், ஜடை ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொள்வது என்பது அதன் வாதம். அந்த நீதிமன்றம் இருப்பது இங்கே, அட்லாண்டா டவுன்டவுனில். 2018-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. கலிபோர்னியா 2019-ல் 'கிரவுன்' சட்டம் போட்டு முடிக்குப் பாதுகாப்புக் கொடுத்தது, இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்குமான மசோதா 2022-ல் கீழவையில் தேறி, செனட்டில் நின்றுவிட்டது.

முடியை நேராக்கிக்கொள்ளலாமே என்பார்கள். அந்த ரசாயனத்தை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2022-ல் சொன்னது. எண்ணெய் வைத்த தலையோடு ஆபீஸ் போகக்கூடாது என்று நாமும்தான் இங்கே வந்து கற்றுக்கொண்டோம். நமக்கு ஒரு ஷாம்பு குளியலோடு விஷயம் முடிந்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

விடுமுறை. ஜூன்டீன்த். 1865-ல் டெக்சஸின் கால்வெஸ்டனுக்கு அடிமை விடுதலைச் செய்தி போய்ச் சேர்ந்த நாள். 2021-லிருந்து தேசிய விடுமுறை. முந்தைய வருடங்களில் தலைமையிடமிருந்து நீளமாக வாழ்த்து மெயில் வரும். இந்த வருடம் காலண்டரில் சாம்பல் நிறத்தில் 'அலுவலகம் மூடல்' என்று மட்டும். கறுப்பின ஊழியர் குழுவின் பெயர் ஏப்ரலிலேயே 'சமூக இணைப்புக் குழு' என்று மாறிவிட்டது. பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிராக ஜனவரியில் வெள்ளை மாளிகை உத்தரவு வந்த பிறகு தனியார் நிறுவனங்களும் வேகமாகத்தான் ஓடுகின்றன.

அக்கா சொன்னார்: "2020-ல ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில செத்தப்ப, என்கிட்ட அதுவரைக்கும் பேசாதவங்கல்லாம் நல்லா இருக்கியான்னு கேட்டாங்க. அதுவும் களைப்பாத்தான் இருந்துச்சு. இதுக்கு அது தேவலை."

ஜூன் 22, ஞாயிறு

கம்மிங்கில் நண்பர் வீட்டில் பாட்லக். நான் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு காரக்கறியும் கொண்டுபோனேன். பேச்சு அலுவலகம் திரும்புவதைப் பற்றித்தான். "ஆர்டர் எல்லாருக்கும்தானே? இதுல கறுப்பு வெள்ளை எங்க வந்துச்சு?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. எனக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வந்தது.

செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1964-க்கு முன்னால் கறுப்பினப் பெண்களையே எடுத்ததில்லை. மந்தம் வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்று விதி. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். கடைசியில் சேர்ந்தவர்கள் யார் என்பதுதான் விஷயம். எம்மா டிகிராஃபன்ரீட் உள்ளிட்ட ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். பெண்களை நிறுவனம் எடுத்திருக்கிறதே (வெள்ளைப் பெண்களை), கறுப்பர்களையும் எடுத்திருக்கிறதே (ஆண்களை), இரண்டையும் சேர்த்துத் தனி வகை கேட்க முடியாது என்று 1976-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த ஓட்டையைப் பிடித்துத்தான் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் கட்டுரை எழுதினார். இன்று உலகம் முழுக்க வகுப்புகளில் பேசுகிற 'இன்டர்செக்ஷனாலிட்டி' கோட்பாடு, ஒரு கார் தொழிற்சாலையின் ஆட்குறைப்பிலிருந்து வந்தது.

இதைச் சொன்னேன். தலையாட்டினார்கள். பாயசம் வந்தது.

நாங்கள் இருக்கிற ஃபோர்சைத் கவுண்டியைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. 1912-ல் ஒரு வெள்ளைப் பெண் கொலையானதைச் சொல்லி, இந்தக் கவுண்டியிலிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பின மக்களில் ஏறக்குறைய அனைவரையும் சில வாரங்களில் விரட்டினார்கள். வீட்டையும் நிலத்தையும் தேவாலயத்தையும் விட்டுவிட்டு ஓடினார்கள். எழுபத்தைந்து வருடம் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த கவுண்டி இது. 1987 ஜனவரியில் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் சிறு ஊர்வலம் வந்தபோது கல்லெறிந்தார்கள். அடுத்த வாரம் இருபதாயிரம் பேர் திரண்டு வந்து நடந்தார்கள். ஓப்ரா வின்ஃப்ரே இங்கேயே வந்து நிகழ்ச்சி நடத்தினார். இன்று இந்த மண்ணில் நம்மவர்கள் ஐந்து படுக்கையறை வீடு கட்டிக் கொலு வைக்கிறோம். நல்ல பள்ளிக்கூடம், பாதுகாப்பான ஊர்.

போன வருடம் நவராத்திரிக்கு அக்காவை அழைத்தேன். வந்தார், சுண்டல் சாப்பிட்டார், பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். "என் பாட்டி உயிரோட இருந்தா, நான் இங்க வந்தேன்னு தெரிஞ்சா என்னைத் திட்டியிருப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜூன் 26, வியாழன்

டவுன்ஹால் கூட்டம், வீடியோவில்தான். துணைத் தலைவர் பேசினார். இளையவர்களும் சிறுபான்மையினரும் முன்னேற வேண்டுமானால் மேலாளர் கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றார். உங்கள் நன்மைக்குத்தான் என்கிற தொனி.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். வீட்டிலிருப்பவரை மறந்துவிடுவது எளிது. சாட்டில் குத்திப் பேசுவதும் நடக்கிறது. பொதுவில் சொல்லத் தயங்குவதைத் தனிச் செய்தியில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பக்கத்தில் சாட்சி யாரும் கிடையாது. இரண்டு வருடம் முன்பு இளையவளுக்கு அப்படி வந்ததை நானும் பார்த்தேன்.

ஆனால் கண்ணில் பட்டால் பதவி உயர்வு என்கிற கணக்கைப் பார்க்கலாம். மெக்கின்சியும் லீன்இன் அமைப்பும் ஆண்டுதோறும் அறிக்கை போடுகின்றன. முதல் படி மேலாளராக நூறு ஆண்கள் உயரும்போது, கறுப்பினப் பெண்கள் எத்தனை பேர்? ஊரடங்குக்கு முந்தைய நிலையைச் சொன்ன 2020 அறிக்கையில் 58. எல்லாரும் ஐந்து நாளும் அலுவலகத்தில் இருந்த காலம் அது. நடுவில் ஓரிரு வருடம் ஏறி மறுபடி இறங்கி, 2024-ல் 54. அதே 2024-ல் வெள்ளைப் பெண்கள் 89. ஆசியப் பெண்கள் 99. அதாவது நான்.

அக்காவின் கதை இந்த எண்ணைவிடத் தெளிவு. அவர் பயிற்சி கொடுத்த இளைஞர்கள் மூன்று பேர், அடுத்தடுத்து அவருக்கே மேலாளராக வந்தார்கள். அவர் தினமும் ஏழேகாலுக்கு வந்து விளக்குப் போட்ட காலத்தில் நடந்தது இது. யார் கண்ணிலும் படாமல் இல்லை.

2021-ல் ஃபியூச்சர் ஃபோரம் நடத்திய கருத்துக்கணிப்பில், முழு நேரமும் அலுவலகத்துக்குத் திரும்ப விரும்பிய வெள்ளை ஊழியர்கள் 21 சதவீதம். கறுப்பின ஊழியர்கள் 3 சதவீதம். அறிவுசார் வேலையில் இருப்பவர்களை மட்டும் கேட்டது. இன்னொரு பக்கமும் உண்டு. தொற்றுக்கு முன் எடுத்த அரசுக் கணக்கில், வீட்டிலிருந்து வேலை செய்ய முடிகிற கறுப்பினத் தொழிலாளர்கள் ஐந்தில் ஒருவர் மட்டுமே. வெள்ளையரில் பத்தில் மூன்று பேர், ஆசியரில் அதற்கும் மேல். அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை முதியோர் இல்லத்தில் உதவியாளர். 2020-ல் அவருக்கு லேப்டாப் எதுவும் கொடுக்கவில்லை, இரண்டு முகக்கவசம் கொடுத்தார்கள். இந்த நாட்குறிப்பு அதிர்ஷ்டசாலிகளைப் பற்றியது என்பது எனக்குத் தெரியும்.

கூட்டத்தின் கடைசியில் கேள்வி நேரம். அக்கா கையை உயர்த்தி, ஐந்து வருடத் தணிக்கைப் பிழை விகிதம் கூடியதா குறைந்ததா என்று மட்டும் கேட்டார். எண்களை எடுத்துப் பிறகு அனுப்புகிறேன் என்றார் துணைத் தலைவர். குறைந்திருக்கிறது. அந்த அறிக்கையைத் தயாரித்ததே அக்காதான்.

ஜூன் 28, சனி

ஆபர்ன் அவென்யூவில் இருக்கிற ஆய்வு நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடும் அதே தெருவில்தான். டெரா ஹண்டர் என்ற வரலாற்றாசிரியர் 1997-ல் எழுதிய புத்தகத்தை இளையவள் சொல்லியிருந்தாள். அடிமை முறை ஒழிந்த பிறகு அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் வேலை செய்ததைப் பற்றியது. அங்கேயே உட்கார்ந்து பாதி படித்துவிட்டேன். பிள்ளைகள் பசிக்கிறது என்று இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

1880-ல் இந்த நகரத்தில் கூலிக்கு உழைத்த கறுப்பினப் பெண்களில் 98 சதவீதம் வீட்டு வேலைக்காரர்கள். சமையலுக்கோ பிள்ளை பார்க்கவோ போனால் எஜமானி வீட்டில் இருக்க வேண்டும். அவள் கண் எப்போதும் மேலே. அதனால் முடிந்தவர்கள் எல்லாரும் துணி துவைக்கிற வேலையைத் தேடிப் போனார்கள். கூலி மாதம் நான்கிலிருந்து எட்டு டாலர், முதுகை ஒடிக்கிற வேலை. திங்கட்கிழமை மூட்டையை வாங்கி வருவார்கள், சனிக்கிழமை இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். சோப்பைக் காரத்திலிருந்து தாங்களே காய்ச்சினார்கள், கஞ்சியைக் கோதுமைத் தவிட்டில் எடுத்தார்கள், பீர் பீப்பாயைப் பாதியாக வெட்டித் தொட்டி ஆக்கினார்கள். ஏன் இவ்வளவு பாடு? துவைப்பது சொந்த வீட்டு முற்றத்தில். பிள்ளை கண் முன்னால் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரிகள் சேர்ந்து வேலை செய்யலாம், மேலே நின்று பார்க்க வெள்ளைக்காரி கிடையாது.

1881 ஜூலையில் இருபது பேர் ஒரு தேவாலயத்தில் கூடிச் சங்கம் வைத்தார்கள். பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர், அதற்குக் குறைந்தால் துவைக்கமாட்டோம் என்றார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள். மூன்று வாரத்தில் மூவாயிரம் பேர். கைது செய்தார்கள், அபராதம் போட்டார்கள், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றுவோம் என்றார்கள். சங்கத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் என்று நகர மன்றம் மிரட்டியது. கட்டணத்தைக் கட்டுகிறோம், ஆனால் விலையை நாங்கள்தான் வைப்போம் என்று மேயருக்கே கடிதம் எழுதினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் பெரிய பருத்திக் கண்காட்சி வரவிருந்தது. ஊரே அழுக்குத் துணியோடு விருந்தாளிகளை வரவேற்க முடியாது. மன்றம் கட்டணத் தீர்மானத்தைக் கைவிட்டது.

வீட்டிலிருந்து வேலை என்பதைத் தொற்று கொண்டுவந்த சலுகை என்று துணைத் தலைவர் பேசினார். இந்த ஊரில் கறுப்பினப் பெண்கள் அதைக் கேட்டு வாங்கி நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலாளியின் பார்வைக்கு வெளியே உழைப்பது அவர்களுக்குச் சோம்பல் அல்ல, சம்பளத்தின் ஒரு பகுதி.

ஜூலை 10, வியாழன்

கறுப்பினப் பெண்களின் சம ஊதிய நாள் என்று இன்றைக்குக் குறித்திருக்கிறார்கள். முழு நேரம் உழைக்கும் கறுப்பினப் பெண்ணுக்கு, வெள்ளை ஆணின் ஒரு டாலருக்கு 66 சென்ட். ஒருவர் 2024 டிசம்பரில் முடித்த சம்பளத்தை எட்ட இன்னொருவர் இன்று வரை உழைக்க வேண்டும்.

அக்காவின் உடன்பிறந்த தங்கைக்கு மத்திய அரசு வேலை வசந்த கால ஆட்குறைப்பில் போய்விட்டது. மத்திய அரசு ஊழியர்களில் கறுப்பினப் பெண்கள் 12 சதவீதம். மொத்த உழைப்பாளர் தொகையில் அவர்களுடைய பங்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தனியார் நிறுவனங்கள் கதவைத் திறக்காத காலத்தில் தேர்வு எழுதி நுழைய முடிந்த இடம் அரசு. மார்ச்சில் 5.1 ஆக இருந்த கறுப்பினப் பெண்களின் வேலையின்மை விகிதம் ஏப்ரலில் 6.1. ஒரே மாதத்தில். இந்த நிலையில் அலுவலகத்துக்கு வரமாட்டேன் என்று யார் சொல்வார்கள்? மெயில் அனுப்பியவர்களுக்கும் இது தெரியும்.

ஜூலை 14, திங்கள்

ஏழு மணிக்கு 400-ல் ஏறினேன், எட்டேகாலுக்கு வந்து சேர்ந்தேன். அக்கா ஆறரைக்கே வந்துவிட்டார். அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக இன்று சர்ச்சிலிருந்து ஒருவர்.

சொந்த மேசை கிடையாது. செயலியில் பதிவு செய்து, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். என்னை ஆறாம் மாடியிலும் அக்காவை நான்காம் மாடியிலும் போட்டது. சேர்ந்து உட்காரத்தான் வரச் சொன்னார்கள். பத்து மணிக் கூட்டம் டாலஸ்காரர்களோடு. அவரவர் மேசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோவில்தான் பேசினோம்.

கீழே வரவேற்பில் நான் அட்டையைத் தட்டினேன், விளக்கு எரியாமலே கதவைத் திறந்துவிட்டார்கள். பின்னால் வந்த இளையவளின் அட்டை பச்சை காட்டியது. ஆனாலும் நிறுத்தி, படத்தையும் முகத்தையும் பார்த்து, எந்த மாடி என்று கேட்டார்கள். படத்தில் முடி வேறு மாதிரி இருக்கிறது, அதனால்தான் என்று விளக்கமும் வந்தது. அவள் பொறுமையாக மாடி எண்ணைச் சொன்னாள்.

மதியம் காபி மெஷின் பக்கம் இன்னொரு குழுவின் பெண்மணி, நல்லவர்தான், "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு" என்று கையை நீட்டினார். இளையவள் பால் பாக்கெட்டை எடுக்கிற மாதிரி அரை அடி பின்னால் நகர்ந்தாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. நீட்டிய கை காற்றில் நின்று, கோப்பையைப் பிடித்துக்கொண்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் மேசைக்குப் போய் அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டாள், நான்தான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

ஜூலை 25, வெள்ளி

டயாலிசிஸ் நாட்களில் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்ய அக்கா விதிவிலக்குக் கேட்டிருந்தார். மருத்துவரின் கடிதம் இணைத்திருந்தார். 1993-ஆம் வருடச் சட்டப்படி குடும்ப மருத்துவ விடுப்பு ஆண்டுக்குப் பன்னிரண்டு வாரம் வரை உண்டு, சம்பளம் கிடையாது, அதைத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் எடுத்தால் எத்தனை மாதம் வரும் என்று அவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஏறக்குறைய ஐந்து மாதம். அதற்குப் பிறகு அம்மாவுக்கு டயாலிசிஸ் வேண்டாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

நேற்று ராஜினாமா கொடுத்துவிட்டார். ஒரு மருத்துவமனை பில்லிங் நிறுவனத்தில், முழுக்க வீட்டிலிருந்து செய்கிற வேலை. சம்பளம் இங்கே வாங்கியதில் முக்கால் பங்கு. இளையவள் குழுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறாள், முடிவு செப்டம்பரில். அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் நான் எழுதினேன், அக்காவும் எழுதினார்.

அக்காவின் இடத்துக்கு விளம்பரம் இன்று மத்தியானமே உள் இணையத்தில் வந்துவிட்டது. தகுதிகளில் முதல் வரி, வாரத்தில் ஐந்து நாளும் நேரில் வர வேண்டும் என்பது. கிளெய்ம் தணிக்கையில் அனுபவம் நான்காவது வரியில் இருக்கிறது.